மட்டம் தவறிய கண்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே செண்பகத்தோப்புக்குப் போகும் வழியில் வீடுகள் முடிந்ததுமே தோப்புகள் தொடங்கிவிடும். தென்னை, மா, இடையிடையே புளி; அதற்கப்பால் மேற்குத் தொடர்ச்சி மலை. கல்யாண ஜோடியை நிற்கவைத்து வீடியோ எடுக்க ராஜபாளையம் பக்கத்துக் கேமராக்காரர்களுக்கு இதைவிட நல்ல பின்னணி அமையாது. டிரோனுக்கு இதைவிடப் பொல்லாத இடமும் அமையாது. தென்னங்கீற்றின் நுனி திரையில் தெரிவதற்குள் இறக்கையில் பட்டுவிடும். சாரல் காலத்தில் மலைமுகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும் காற்று சீராக வீசாது. சுழன்று அமுங்கும், திடீரென்று தூக்கியடிக்கும். கையடக்க டிரோன்கள் பலவும் தாங்குவதாக அவற்றின் கையேடுகள் சொல்லும் காற்று வேகம் நொடிக்குப் பத்து மீட்டர் அளவில்தான் இருக்கிறது. மலையடிவாரத்தில் ஒரு வீச்சு அதை எளிதாகத் தாண்டிவிடும்.

பதினைந்து மீட்டர் உயரத்தில் கீற்றில் இடித்து விழும் டிரோனுக்கு என்ன ஆகும்? காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால், தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். ஆனால் சேதத்தைத் தீர்மானிப்பது வேகம் மட்டுமில்லை, எவ்வளவு தூரத்துக்குள் அது நிற்கிறது என்பதும்தான். விழுந்த உயரத்தை, நிற்பதற்கு எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்தால் போதும். புவியீர்ப்பைப்போல் எத்தனை மடங்கு அடி விழுந்தது என்று தெரிந்துவிடும். அரை மீட்டர் ஆழத்துக்குப் புதரில் அமுங்கி நின்றால் 30 மடங்கு. பாறையில் மோதி ஒரு சென்டிமீட்டருக்குள் நின்றால் 1500 மடங்கு. கேமராவின் எடை 20 கிராம் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கணத்தில் அது 30 கிலோ கனக்கும். அவ்வளவையும் தாங்க வேண்டியது ஓரிரு மில்லிமீட்டர் தடிமனுள்ள உலோகக் கை.

அதனால் டிரோன் விழுந்தால் முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் கிம்பல்தான். கேமராவைத் தொங்கவிட்டு, டிரோன் எப்படி ஆடினாலும் படம் ஆடாமல் பார்த்துக்கொள்ளும் அந்தச் சிறிய மூட்டுக்குப் பெயர் கிம்பல். உடம்பின் மற்றப் பாகங்கள் தடித்த பிளாஸ்டிக் ஓட்டுக்குள் இருக்க, இது மட்டும் மூக்கின் கீழ் வெளியே தொங்குகிறது. வெளியே தொங்காமல் அதன் வேலை நடக்காது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிம்பலுக்குள் அசைவை உணர்வதற்கென்று அரிசியளவுச் சில்லு ஒன்று இருக்கிறது. அதற்குள் நுண்நோக்கியில் மட்டுமே தெரியும் சிலிக்கான் ஊசல்கள் அதிர்ந்துகொண்டிருக்கும். பார்த்தால் முதலில் உடைய வேண்டியது அதுதான் என்று தோன்றும். ஆனால் பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஆர்வலர்களின் கிம்பல்களில் புழங்கிய எம்.பி.யு-6050 என்ற சில்லின் விவரக்குறிப்பு, அது புவியீர்ப்பைப்போல் 10,000 மடங்கு அதிர்ச்சியைத் தாங்கும் என்கிறது. நுண்ணிய ஊசலுக்கு எடை இல்லையென்றே சொல்லலாம். எடை அவ்வளவு குறைவு என்பதால் அதன்மேல் விழும் விசையும் குறைவு. பாறையில் விழுந்த டிரோனில் மூளை பிழைத்துக்கொள்ள, கையும் நரம்பும் அறுந்துபோவது இதனால்தான்.

*

அசையும் பொருளின்மேல் அசையாமல் ஒன்றை நிறுத்துவது பழைய ஆசை. ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்களை மாட்டி, நடுவில் இருப்பதை எப்போதும் நிமிர்ந்தே வைக்கும் அமைப்பை 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியர் ஜெரோலாமோ கார்டானோ எழுதிவைத்தார். அவர் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் தானே கண்டுபிடித்ததாக அவர் உரிமை கொண்டாடவில்லை. கப்பலில் திசைகாட்டியும் விளக்கும் அலையில் சாயாமல் நின்றது இந்த வளையங்களால்தான். அங்கே மோட்டார் கிடையாது. எடை கீழே இழுக்க, வளையம் வழிவிட்டது.

தோப்பில் மேயும் கோழி ஒன்றைப் பிடித்து உடம்பை மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பார்த்தவர்களுக்கு டிரோன் கிம்பலைத் தனியே விளக்க வேண்டியதில்லை. உடம்பு போகும் பக்கமெல்லாம் போக, தலை மட்டும் காற்றில் ஆணியடித்ததுபோல் அப்படியே நிற்கும். கோழி எடையை நம்பித் தலையை நிறுத்துவதில்லை. உட்காது அசைவை உணர்கிறது, கண் உறுதிசெய்கிறது, கழுத்துத் தசை எதிர்ப்பக்கம் இழுக்கிறது. உணர்வது, கணக்கிடுவது, எதிர்த்து அசைப்பது என்ற இந்த மூன்றையும்தான் கிம்பலும் செய்கிறது. நொடிக்குப் பல நூறு முறை செய்கிறது என்பதுதான் வித்தியாசம்.

கழுத்துத் தசைக்குப் பதில் இங்கே மூன்று மோட்டார்கள். ஒன்று கேமராவை இடம் வலமாகத் திருப்பும். அதற்கு யா என்று பெயர். அடுத்தது பக்கவாட்டில் சாய்க்கும், ரோல். மூன்றாவது மேலும் கீழும் தலையசைக்கும், பிட்ச். மூன்றும் ஒன்றின் தோளில் ஒன்று தொங்குகின்றன. விசிறியைச் சுழற்றும் மோட்டாருக்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே: காந்தம் ஒரு பக்கம், மூன்று தொகுதியாகச் சுற்றிய செப்புக்கம்பி மறுபக்கம். ஆனால் விசிறி மோட்டாருக்குச் சுழல்வது வேலை. கிம்பல் மோட்டாருக்கு நிற்பது வேலை. அது ஒருநாளும் முழுச்சுற்று சுற்றுவதில்லை. அதனால் அதில் கம்பி மெல்லியது, சுற்றுகள் அதிகம், மின்தடையும் அதிகம்.

கேமராவின் எடை மூன்று அச்சுகளுக்கும் சமமாக அமைந்திருந்தால் மோட்டார் எதையும் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. சமநிலை கெட்டால் தூக்க வேண்டும், தூக்கினால் சூடாகும். லென்ஸின் முன்கண்ணாடி உடைந்துபோய், கிடைத்த வேறொரு கண்ணாடியை ஒட்டியவர்கள், மோட்டார் ஓவர்லோடு என்ற எச்சரிக்கை வருகிறதே என்று மோட்டாரை மாற்றுவார்கள். எடைதான் காரணம் என்று தோன்றுவதே இல்லை.

துல்லியம் எவ்வளவு தேவை? இன்றைய சிறிய டிரோன்களின் கையேட்டில் கிம்பலின் அதிர்வு வரம்பு பாகையில் நூறில் ஒரு பங்கு என்று போட்டிருக்கும். 100 மீட்டர் தள்ளி நின்று ஆண்டாள் கோயில் கோபுரத்தைப் படமெடுத்தால், நூறில் ஒரு பாகை என்பது கோபுரத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு.

மூன்று அச்சு போதுமா என்ற கேள்வி விண்வெளிக்காரர்களை ஒருகாலத்தில் தூங்கவிடவில்லை. அப்போலோ விண்கலத்தின் வழிகாட்டும் மேடை மூன்று வளையங்களில் மிதந்தது. நடுவளையம் 90 பாகை திரும்பினால் மற்ற இரண்டும் ஒரே கோட்டில் வந்துவிடும். ஒரு திசை கணக்கிலிருந்தே காணாமல் போகும். 1970 ஏப்ரலில் அப்போலோ 13-இன் ஆக்சிஜன் தொட்டி வெடித்துக் கலம் தறிகெட்டு ஆடியபோது, விண்வெளி வீரர்கள் மற்றதற்கெல்லாம் நடுவில் இந்த நிலை வந்துவிடாமலும் போராட வேண்டியிருந்தது. டிரோனில் நடு அச்சு ரோல். அது முப்பத்தைந்து பாகைக்கு மேல் போகாதபடி பல மாடல்களில் உலோகத் தடுப்பே வைத்துவிட்டார்கள். விழும்போது அந்தத் தடுப்பில்தான் கை மோதி வளைகிறது.

மோட்டாரால் முடியாத ஒரு வேலையும் உண்டு. விசிறிகள் நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுற்றுகின்றன; 6000 சுற்று என்றால் நொடிக்கு 100 அதிர்வு. இவ்வளவு வேகமான நடுக்கத்தை மோட்டார் துரத்திப் பிடிக்காது. அதற்குத்தான் கிம்பல் தகட்டுக்கும் உடம்புக்கும் நடுவே சிறிய ரப்பர் குமிழ்கள். மெதுவான ஆட்டம் மோட்டாருக்கு, வேகமான நடுக்கம் ரப்பருக்கு. விழுந்ததில் ஒரு குமிழ் துளையிலிருந்து நழுவி, தகடு ஓட்டை நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும்; படத்தில் மரங்களும் சுவர்களும் தண்ணீருக்குள் தெரிவதுபோல் நெளியும். கேமராவின் உணரி படத்தை ஒரேயடியாக எடுக்காமல் வரிவரியாகப் படிக்கிறது. ஒரு வரியைப் படித்து அடுத்ததற்கு வருவதற்குள் கேமரா நகர்ந்துவிடுகிறது. டிரோன் வட்டாரத்தில் இதை ஜெல்லோ என்பார்கள். குமிழ்களையெல்லாம் எண்ணிப் பார்க்காமல் மென்பொருளைக் குறைசொல்வது வீண்.

*

பழுதுபார்ப்புக்கு வருவோம்.

விழுந்த டிரோனை எடுத்ததும் மண்ணைத் தட்டிவிட்டு ஆன் செய்து பார்ப்பது மனித இயல்பு. செய்யவே கூடாத காரியமும் அதுதான். கைபழகிய மெக்கானிக் மேசையில் வைத்ததும் கேட்பது: "அண்ணே, விழுந்தப்புறம் பேட்டரி போட்டுப் பாத்தீங்களா?" ஆம் என்றால் அவர் முகம் கொஞ்சம் மாறும். மின்சாரம் வந்ததும் கிம்பல் மூன்று அச்சிலும் தன்னைத்தானே ஒருமுறை ஆட்டிப் பார்க்கும். கை வளைந்து சிக்கியிருந்தால் மோட்டார் அதை எதிர்த்து முட்டும். முட்டும்போது அதை ஓட்டும் சில்லு சூடேறும். கேபிள் பாதி கிழிந்து இரண்டு தடங்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஐந்நூறு ரூபாய் கேபிளோடு போக வேண்டியது மின்சுற்றுப் பலகையோடு போய்விடும்.

ஆகவே பேட்டரியை முதலில் வெளியே எடுக்க வேண்டும். அது உப்பியிருந்தாலோ ஓடு நசுங்கியிருந்தாலோ, எவ்வளவு விலையானாலும், சார்ஜரில் போடக்கூடாது. லித்தியம் பேட்டரி உடனே தீப்பிடிக்காமல் சில மணிநேரம் கழித்தும் பிடிக்கலாம். எரியாத பாத்திரத்தில், வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டு மறுவேலை பார்ப்பதே நல்லது.

அடுத்து விரல்தான் கருவி. மின்சாரம் இல்லாத கிம்பலின் ஒவ்வோர் அச்சையும் மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். நல்ல மோட்டார் தடையில்லாமல், லேசாக வழுக்கிக்கொண்டு போகும். ஓரிடத்தில் மட்டும் பிடித்தால் தண்டு வளைந்திருக்கலாம். எல்லா இடத்திலும் கரகரத்தால் மணல். மலையிலிருந்து வரும் ஓடை மணலில் காந்தத்தில் ஒட்டும் கருந்துகள்கள் கலந்திருக்கும். மோட்டாருக்குள் இருப்பதோ நியோடிமியக் காந்தம். காந்தத்துக்கும் செப்புச்சுருளுக்கும் நடுவிலுள்ள, மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கே இருக்கும் இடைவெளிக்குள் அந்தத் துகள் போய் உட்கார்ந்துவிட்டால் ஊதினால் வராது, தூரிகைக்கும் வராது. ஒட்டுநாடாவை மெல்லிய பட்டையாக வெட்டி ஒற்றியொற்றி எடுப்பவர்களுக்குத்தான் அது வசப்படும். அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

எல்லா அச்சும் தாராளமாகச் சுழன்றால், நல்ல பேட்டரி போட்டு நோயைக் கேட்கலாம். இந்த இடத்தில் கண்ணால் பார்ப்பது பாதி மருத்துவம். கிம்பல் உயிரே இல்லாமல் தொங்கினால் மின்சாரம் போய்ச்சேரவில்லை. கேபிள் அல்லது இணைப்பி. படம் வராமல் கிம்பல் மட்டும் ஒழுங்காக ஆடினால் கேமராவின் காட்சியைக் கொண்டுபோகும் மெல்லிய கம்பிக்கற்றை அறுந்திருக்கிறது. படம் வந்து கிம்பல் மட்டும் ஒரு பக்கம் போய் முட்டிக்கொண்டு துடித்தால், மோட்டார் இருக்கிறது, ஆனால் தான் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியவில்லை. தொடுவானம் சாய்ந்திருந்தால் ஒன்று கை வளைந்திருக்கிறது, இல்லை கணக்கு தவறியிருக்கிறது.

எல்லாவற்றையும்விடத் தொல்லை தருவது விட்டுவிட்டு வரும் கோளாறு. மேசையில் நன்றாக இருக்கும், பறக்கவிட்டதும் கெடும். கேமரா நேராகப் பார்க்கும்வரை சரி, தரையைப் பார்க்கக் குனிந்ததும் எச்சரிக்கை வரும். அப்படிக் குறிப்பிட்ட ஒரு கோணத்தில் மட்டும் தொல்லை வந்தால், தயங்காமல் ரிப்பன் கேபிளைச் சந்தேகிக்கலாம். பாலியிமைடு என்ற பழுப்பு நிறப் படலத்தின்மேல் ஒட்டிய செப்புத் தடங்கள்தான் அந்தக் கேபிள், காகிதத்தைப்போல் மெல்லியது. மூன்று அச்சுகளின் மூட்டிலும் வளைந்து நெளிந்து போகும். படலம் கிழியாமல் செப்பில் மட்டும் மயிரிழை விரிசல் விழுந்திருக்கும். ஒரு பக்கம் வளைந்தால் விரிசலின் இரு முனைகளும் தொடும், மறுபக்கம் வளைந்தால் விலகும். பூதக்கண்ணாடியில்கூடத் தெரியாத இதை மல்டிமீட்டர் காட்டிக்கொடுக்கும்; ஆனால் மீட்டரின் முள் வைத்துக்கொண்டே கேபிளை வளைத்துப் பார்க்க வேண்டும். வளைக்காமல் சோதித்தால் கேபிள் நல்லது என்றே பதில் வரும்.

மோட்டாருக்கும் மல்டிமீட்டர் போதும். அதற்குப் போகும் மூன்று கம்பிகளை இரண்டிரண்டாக எடுத்து மின்தடையை அளந்தால் மூன்று அளவுகளும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனித்து நின்றால் சுருள் அறுந்திருக்கிறது அல்லது உரசியிருக்கிறது. இது ராஜபாளையத்துப் பஞ்சாலையில் பெரிய மோட்டாருக்குச் செய்யும் அதே சோதனைதான். அளவு மட்டுமே சிறிது.

கேபிள் மாற்றுவது கைவேலை. கைபேசி பழுதுபார்ப்பவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் நுண்நோக்கி, வெப்பக்காற்றுக் கருவி, நட்சத்திர முனைத் திருப்புளி இவற்றைத் தவிர வேறு கருவி அநேகமாக வேண்டாம். ஒவ்வொரு திருகையும் கழற்றுமுன் ஒரு படம் எடுத்துக்கொள்பவர் பிழைத்தார். நீளமான திருகைக் குட்டையான துளையில் போட்டு முறுக்கினால் அடுத்த பக்கத்திலுள்ள சுருளைக் குத்திவிடும். புதிய கேபிளைப் பழையது மடிந்திருந்த அதே மடிப்பில், அதே சுற்றில் வைக்க வேண்டும். நேராக இழுத்து மாட்டிவிட்டால் கேபிளே ஒரு சுருள்வில்லாகி மோட்டாரை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும்.

உதிரிப்பாகம் கிடைக்குமா என்ற கேள்விக்குச் சட்டத்திலேயே பாதி பதில் இருக்கிறது. 2022 பிப்ரவரி 9 அன்று இந்தியா வெளிநாட்டு டிரோன்களை இறக்குமதி செய்வதற்குத் தடை விதித்தது. ஆய்வு, பாதுகாப்பு போன்ற தேவைகளுக்கு மட்டும் விலக்கு. பாகங்களுக்கு அந்தத் தடை கிடையாது. அதனால் முழு டிரோன் கிடைப்பதைவிட அதன் கை, கேபிள், மோட்டார் கிடைப்பது எளிதாக இருக்கிறது. உடைந்தால் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம் என்ற எண்ணத்தை அந்த ஆணை கொஞ்சம் மாற்றியது. பழுதுபார்க்கும் மேசைகளுக்கு அதனால் மவுசு வந்தது என்று சொன்னால் மிகையில்லை.

*

கை, கேபிள், மோட்டார், ரப்பர் எல்லாம் புதிது. திருகுகள் எல்லாம் இடத்தில். ஆன் செய்தால் கிம்பல் பேய்பிடித்ததுபோல் உதறுகிறது. முதல்முறை பழுதுபார்க்கும் பலரும் கைவிடும் இடம் இது. வாங்கிய பாகம் போலி என்று விற்றவரைத் திட்டுவார்கள். பாகத்தில் பெரும்பாலும் குறை இருக்காது.

மோட்டார் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பலகைக்கு எப்படித் தெரிகிறது? மோட்டாரின் காந்தத்துக்கு அருகில் ஹால் உணரிகள் இருக்கின்றன. மின்சாரம் ஓடும் தகட்டைக் காந்தப்புலத்தில் வைத்தால் பக்கவாட்டில் ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றும் என்று 1879-இல் எட்வின் ஹால் கண்டார்; அதே விளைவுதான் இங்கே கோணமானியாக வேலை செய்கிறது. காந்தம் திரும்பத் திரும்ப மின்னழுத்தம் ஏறி இறங்கும். ஆனால் எந்த இரண்டு காந்தமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றின் வலிமை சற்றுக் கூடுதல், இன்னொன்று ஒட்டிய இடம் சற்று விலகல். ஆகவே தொழிற்சாலையில் ஒவ்வொரு கிம்பலையும் முழுவீச்சுக்கு ஆட்டி, இந்த மின்னழுத்தம் வந்தால் இந்தக் கோணம் என்று அந்தக் கிம்பலுக்கே உரிய ஓர் அட்டவணை எழுதி நினைவகத்தில் போட்டுவிடுவார்கள். மோட்டாரை மாற்றினால் பழைய அட்டவணை புதிய காந்தத்துக்குப் பொருந்தாது. பலகை வலப்பக்கம் தள்ளுவதாக நினைத்துக்கொண்டு இடப்பக்கம் தள்ளும். தவறு என்று கண்டு இன்னும் பலமாகத் தள்ளும்.

மட்டம் என்பது எந்த ஒரு பாகத்திலும் இல்லை. கைக்கும் காந்தத்துக்கும் உணரிக்கும் எண்ணுக்கும் நடுவில் தொழிற்சாலையில் ஏற்பட்ட ஓர் உடன்பாடு அது. டிரோன் விழும்போது பாகம் உடைவது எல்லோருக்கும் தெரிகிறது. உடன்பாடு முறிவது தெரிவதில்லை.

செண்பகத்தோப்புக்குத் தெற்கே, திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தைத் தள்ளும் விகாஸ் எஞ்சின் சோதிக்கப்படுவது அங்கேதான். அந்த எஞ்சினும் ஒரு கிம்பலில் உட்கார்ந்திருக்கிறது. கேமராவை நிறுத்துவதற்குப் பதில் எஞ்சினையே சாய்த்து ராக்கெட்டின் திசையைத் திருத்துகிறது. 1993 செப்டம்பர் 20 அன்று பி.எஸ்.எல்.வி.யின் முதல் பயணம் தோற்றது. இரண்டாம் கட்டம் கழன்ற நேரத்தில் ஏற்பட்ட தடுமாற்றத்தை ராக்கெட்டால் சமாளிக்க முடியவில்லை. விசாரணையில் வெளிப்பட்ட காரணங்களில் ஒன்று, பிட்ச் அச்சைக் கட்டுப்படுத்தும் மென்பொருளில் ஒரு எண் தன் எல்லையை மீறியது. எண்ணைத் திருத்திக்கொண்டு அடுத்த ஆண்டு, 1994 அக்டோபர் 15 அன்று, அதே ராக்கெட் வகை வெற்றிபெற்றது. டிரோன் பழுதுபார்ப்பவருக்கும் ராக்கெட்காரருக்கும் ஒரே பாடம்: உடைந்த துண்டைக் கையில் எடுத்துவிட்டோம் என்பதற்காகக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்கக்கூடாது.

அட்டவணையை மறுபடி எழுதும் கருவியைத் தயாரிப்பாளர்கள் பொதுவாகத் தங்கள் சேவை மையத்துக்கு வெளியே தருவதில்லை. பயனருக்குக் கிடைப்பது செயலியிலுள்ள தானியங்கி அளவுத்திருத்தம். அது சிறுபிழையைத்தான் சரிசெய்யும், அட்டவணையை எழுதாது. உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் இந்தக் கதவைத் தாங்களாகவே திறந்தார்கள். சில மாடல்களுக்கு மூட்டின் கோணத்தையும் ஹால் உணரியையும் மறுபடி அளந்து எழுதும் திறந்தமூல நிரல்களை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார்கள். மடிக்கணினியில் அதை ஓடவிட்டால் கிம்பல் எல்லைக்கு எல்லை மெல்ல ஆடி, தன் காந்தத்தைத் தானே அளந்துகொள்ளும். அது முடிந்ததும் உதறல் சட்டென்று நின்று, கேமரா நிமிரும். பாகத்தை வாங்கித் தருபவர்களைவிட இந்த நிரலை எழுதியவர்களுக்குத்தான் பழுதுபார்ப்போர் அதிகம் கடன்பட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது உடன்பாடு புவியீர்ப்போடு. சில்லுக்குள் இரண்டு உணர்வுகள் இருக்கின்றன. ஜைரோ, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்று சொல்லும். உடனே சொல்லும், ஆனால் நேரம் போகப்போகச் சிறுசிறு பிழை சேர்ந்து திசை மாறிவிடும். முடுக்கமானி, கீழே எது என்று சொல்லும். நின்று நிதானித்தால் சரியாகச் சொல்லும், ஆட்டத்தில் குழம்பும். மென்பொருள் இருவர் சொல்வதையும் கலந்து முடிவெடுக்கிறது. டிரோன் நீண்ட வளைவில் வேகமாகத் திரும்பினால் முடுக்கமானிக்குக் கீழ் என்பது சாய்வாகத் தெரியும். நேரே வந்ததும் தொடுவானம் சில நொடிகள் சாய்ந்தே இருக்கும். இது பழுதில்லை. காத்திருந்தால் தானே சரியாகும்.

ஜைரோவின் பிழை வெப்பத்தோடும் மாறும். விருதுநகர் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் காருக்குள் வெந்துகொண்டிருந்த டிரோனை எடுத்து அப்படியே அளவுத்திருத்தம் செய்தால், அந்தச் சூட்டுக்கு மட்டுமே சரியான எண் பதிவாகும். ஆறவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்த மேசைமேல் செய்ய வேண்டும். கொத்தனாரிடம் இருக்கும் ரசமட்டமே போதும். மேசை ஒரு பாகை சாய்ந்திருந்தால் அதன்மேல் செய்த திருத்தம் அந்தச் சாய்வையே மட்டம் என்று கற்றுக்கொண்டுவிடும்.

*

சரிசெய்ததை எங்கே பறக்கவிட்டுப் பார்ப்பது? செண்பகத்தோப்பில் தோப்பு முடிந்து காடு தொடங்கும் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான், அதுவும் நன்றாகத் தள்ளி. அந்தப் பக்கம் 1988-இல் சாம்பல்நிற அணில்களுக்காக அறிவிக்கப்பட்ட சரணாலயம். 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகள் 250 கிராமுக்கு உட்பட்டவற்றை நானோ என்று வகைப்படுத்தி, ஓட்டுபவருக்கு உரிமம் தேவையில்லை என்கின்றன. அந்தச் சலுகை காட்டுக்குள் செல்லாது. எடை எவ்வளவானாலும் வனத்துறை அனுமதி வேண்டும்.

காரணமில்லாமல் இல்லை. இந்த அணில்கள் தரையில் இறங்குவது அபூர்வம். கிளையோடு கிளை உரசும் உச்சிகளில்தான் அவற்றின் கூடும் நடமாட்டமும், அதாவது டிரோன் பறக்கும் அதே உயரத்தில். 2023 மே மாதக் கடைசியில், இதே காப்பகத்தின் மறுகோடியை ஒட்டிய கம்பம் நகருக்குள் அரிக்கொம்பன் யானை நுழைந்தபோது, அதன் அருகே டிரோன் பறக்கவிட்ட யூடியூபர் ஒருவரைக் காவல்துறை கைது செய்தது. ஏற்கெனவே வழிதவறி மிரண்டிருந்த யானைக்குத் தலைக்குமேல் ரீங்காரம் எதற்கு? அந்த யானை ஜூன் 5 அன்று பிடிக்கப்பட்டுக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோகப்பட்டது.

சோதனைப் பறப்பு காலையில், காற்று எழும்புவதற்கு முன், திறந்த வெளியில். முதலில் இடுப்புயரத்தில் நிறுத்தி, கேமராவை மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லைவரை மூன்று நான்கு முறை குனியவும் நிமிரவும் வைக்க வேண்டும். கேபிளில் விரிசல் மிச்சமிருந்தால் இதில் தெரிந்துவிடும். பிறகு நின்ற இடத்திலேயே வேகமாகத் திருப்பி, சட்டென்று நிறுத்திப் பார்க்க வேண்டும். யா மோட்டாரின் அட்டவணை தவறியிருந்தால் நின்றபின்னும் படம் ஒரு பக்கம் மெல்ல நகரும்.

மட்டத்தைப் பார்ப்பதில்தான் இந்த ஊர் ஏமாற்றும். கடற்கரையில் தொடுவானம் அரைப்பாகை சாய்ந்தாலும் குழந்தைகூடச் சொல்லிவிடும். இங்கே தொடுவானமே கிடையாது; மேற்கில் மலைச்சரிவு, மற்றத் திசைகளில் மரங்கள். சரிவைப் பார்த்துக்கொண்டே கேமராவை மட்டப்படுத்த முயல்பவர் சாய்வைத்தான் சேர்ப்பார். தென்னையை நம்பலாமா என்றால், நேராக வளர்ந்த தென்னையைத் தோப்பில் தேடத்தான் வேண்டும். நல்ல வழி, மோட்டார் அறையின் சுவரிலோ கம்பத்திலோ தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டு, அந்த நூலைச் சட்டகத்தின் நடுவில் வைத்துப் பார்ப்பது. ஓரத்தில் வைத்தால் அகலக்கோண லென்ஸின் வளைவும் சேர்ந்துகொள்ளும்.

நூல் கொஞ்சம் சாய்ந்து தெரிந்தால் செயலியில் ரோல் அச்சுக்கான கைத்திருத்தம் இருக்கிறது. பத்தில் ஒரு பாகை வீதம் கூட்டிக் குறைக்கலாம். கேமராவைக் கிழக்கே திருப்பி ஒருமுறை, வடக்கே திருப்பி ஒருமுறை பார்க்க வேண்டும். எல்லாத் திசையிலும் ஒரே அளவு சாய்ந்தால் அது எண்ணின் பிழை, அங்கேயே திருத்திவிடலாம். டிரோன் அசையாமல் நிற்க, யா அச்சில் கேமரா திரும்பத் திரும்பச் சாய்வும் கூடிக் குறைந்தால் உலோகக் கை இன்னும் வளைந்திருக்கிறது. அதற்குச் செயலியில் மருந்து இல்லை. மறுபடி மேசைக்குக் கொண்டுபோய், புதிய கை வாங்கி மாட்டி, அட்டவணையை முதலிலிருந்து எழுத வேண்டும்.